அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது: பராமரிப்பை எங்கே கற்றுக்கொள்வது?

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சில நாள்களிலேயே வார்டில் கேட்டுவிடுகிறார்கள்: "வீட்டில் யார் பார்த்துக்கொள்வீர்கள்?" பல குடும்பங்கள் திணறுவது இந்தக் கேள்வியில்தான். தாதி காட்டித் தருவதை வைத்தே சமாளித்துவிடலாமா, சமூக மருத்துவமனைக்கு அனுப்புவதா, வீட்டுக்கே ஒருவரை வரவழைத்துக் கற்றுக்கொள்வதா, கையேடும் காணொளியும் போதுமா, இல்லை பேசாமல் தாதிமைச் சேவைக்குப் பணம் கட்டிவிடுவதா? ஐந்து வழியும் சிங்கப்பூரில் உண்டு. எந்த வழியும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

பணத்தை முன்னால் வைத்தால் கணக்கு தப்பிவிடும். வீட்டில் செய்யவேண்டிய வேலைகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி, அவற்றை இரண்டாகப் பிரியுங்கள். ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, வடிகுழாய்க் குப்பியைக் காலி செய்வது, படுக்கையிலிருந்து எழுப்பி நிற்கவைப்பது ஆகியவை கைப்பழக்கம் வேண்டும் வேலைகள். நன்கு தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, நீங்களே செய்து பழகினால்தான் அவை வரும். காய்ச்சலைக் கவனிப்பது, மருந்து நேரம், புண்ணின் சிவப்பு, சாப்பாடு ஆகியவை கவனம் வேண்டும் வேலைகள். இவற்றைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளலாம். முதல் வகை எத்தனை, இரண்டாம் வகை எத்தனை என்பதுதான் பாதி முடிவு.

அடுத்தது, கற்றுக்கொள்பவர் யார் என்பது. நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். ஆங்கிலம் நன்றாகப் பேசும் மகள் விடுப்பு எடுத்து வந்து தாதியிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். வீட்டில் பகல் முழுதும் கூட இருப்பவரோ அப்பா, அல்லது பணிப்பெண். மகள் சொல்லி அவர்கள் கேட்டு, அது மூன்றாம் கைக்கு மாறும்போது ஊசி போடும் இடம் மாறிப்போகிறது. இரவு 2 மணிக்கு நோயாளியைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறவர் யாரோ, அவர்தான் பயிற்சியில் நிற்கவேண்டும்.

மொழியும் இடமும் அதே அளவு முக்கியம். வார்டில் கட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் உயரும், கழிப்பறையில் கைப்பிடி இருக்கும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கழிப்பறை வாசலிலேயே ஒரு படி இருக்கும், கட்டில் தாழ்ந்திருக்கும். ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் அப்படியே செல்லாது.

கடைசியில் பணம். கட்டணத்தோடு விடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியார் துறையில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவென்று சட்டப்படியான தனி விடுப்பு கிடையாது. வருடாந்தர விடுப்பில்தான் கைவைக்கவேண்டும். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி எழுதிக் கேட்க 2024 டிசம்பர் 1 முதல் முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சைத் தேதி முன்பே தெரிந்திருந்தால் அப்போதே கேட்டுவிடுங்கள்.

| வழி | கைவேலை கற்க | நம் வீட்டுக்குப் பொருந்துமா | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| வார்டில் தாதியிடம் | நன்று, நேரம் குறைவு | ஓரளவு | பகலில் விடுப்பு, அவசரம் |
| சமூக மருத்துவமனை | மிக நன்று, பலமுறை செய்து பழகலாம் | ஓரளவு | தினக் கட்டணம், போக்குவரத்து, முதியவரின் மனச்சோர்வு |
| வீட்டுக்கு வந்து பயிற்சி | நன்று | முழுவதும் | காத்திருக்கும் நாள்கள் |
| வகுப்பு, கையேடு, காணொளி | போதாது | இல்லை | தெரிந்துவிட்டது என்ற நினைப்பு |
| தாதிமைச் சேவை | தேவைப்படாது | முழுவதும் | ஒவ்வொரு வருகைக்கும் பணம், தாதி போன பிறகு வரும் சிக்கல் |

## வார்டிலேயே தாதியிடம் கற்றுக்கொள்வது

தனிக் கட்டணம் இல்லை. நோயாளியின் உடம்பிலேயே, அவருடைய புண்ணிலேயே கற்கலாம். எல்லாக் குடும்பமும் இதைத்தான் முதலில் முழுமையாகப் பயன்படுத்தவேண்டும். ஆனால் பெரும்பாலானவர்கள் பாதிகூடப் பயன்படுத்துவதில்லை.

காரணம் நேரம்தான். கட்டு மாற்றுவது, குளிப்பாட்டுவது, பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) நடக்கவைப்பது எல்லாம் பெரும்பாலும் காலை வேளையில் முடிந்துவிடும். வேலை முடிந்து மாலை 7 மணிக்கு வருகிறவர் கட்டைப் பார்ப்பார், கட்டுவதைப் பார்க்கமாட்டார். பிறகு டிஸ்சார்ஜ் நாளன்று மருந்துப் பை ஒரு கையிலும் சக்கர நாற்காலி மறுகையிலுமாக நிற்கும்போது பத்து நிமிடத்தில் எல்லாம் சொல்லப்படும். அது மண்டையில் ஏறாது. வார்டுத் தாதியிடமோ தாதி மேலாளரிடமோ முன்கூட்டியே, "பராமரிப்பாளர் பயிற்சிக்கு இரண்டு காலை நேரம் ஒதுக்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். முதல் நாள் தாதி செய்வார், நீங்கள் பார்ப்பீர்கள். மறுநாள் நீங்கள் செய்யவேண்டும், அவர் பார்க்கவேண்டும். அந்த இரண்டாம் நாள் இல்லாவிட்டால் அது பயிற்சியே அல்ல.

இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்கப் பலருக்கு இனோக்ஸபாரின் ஊசி தொடர்ந்து எழுதித் தருவார்கள். மொத்தம் 28 முதல் 35 நாள்வரைகூடப் போகும். அதைக் கற்கும்போது கவனிக்கவேண்டியவை இவை. நோயாளி சாய்ந்து உட்கார்ந்தோ படுத்தோ இருக்கவேண்டும். தொப்புளிலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டர் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் போடவேண்டும். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் சிறு காற்றுக்குமிழி தெரியும். முழு சிரிஞ்சையும் போடுவதானால் அந்தக் குமிழியை வெளியே தள்ளக்கூடாது. தள்ளினால் மருந்தும் சேர்ந்து போய்விடும். தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேராக முழுவதும் செலுத்தி, மெதுவாக அழுத்தி, ஊசியை எடுத்த பிறகே கிள்ளிய பிடியை விடவேண்டும். போட்ட இடத்தைத் தேய்த்தால் ரத்தம் கட்டிக் கன்றிப்போகும். பயன்படுத்திய ஊசியை எதில் போட்டு எங்கே கொடுப்பது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்பகத்திலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை செய்து வடிகுழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், அழுத்திவிடும் வகைக் குப்பியை மூடும்முன் அமுக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றவேண்டும். இதை மறந்தால் உறிஞ்சும் விசை இல்லாமல் நீர் உள்ளேயே தேங்கும். எத்தனை மில்லி லிட்டர் வந்தது என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். குழாயை எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

மொழி தடையானால் வெட்கப்படவேண்டாம். தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்க்க ஆளோ கிடைப்பார்களா என்று கேளுங்கள். தாதி அனுமதித்தால் கைப்பேசியில் அவர் கைகளை மட்டும் படம்பிடித்து, மேலே தமிழில் நீங்களே விளக்கம் பேசி வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

இந்த வழி யாருக்குப் போதும்? கைவேலை ஒன்றோ இரண்டோதான், நோயாளி வாக்கர் பிடித்துத் தானே நடக்கிறார், வீட்டில் திடமான ஒருவர் இருக்கிறார் என்றால் போதும். பித்தப்பை, குடலிறக்கம் போன்ற துளைவழி அறுவை சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் இதற்குமேல் தேவையில்லை.

## சமூக மருத்துவமனை

அங் மோ கியோ தை ஹுவா குவான், ரென் சி, செயின்ட் லூக்ஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ், ஊட்ரம், செங்காங், ஈசூன், ஜூரோங் என்று பல சமூக மருத்துவமனைகள் உள்ளன. நீங்களாகப் போய்ச் சேரமுடியாது. சிகிச்சை செய்த மருத்துவமனை பரிந்துரைக்கவேண்டும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் தங்கவேண்டியிருக்கும்.

குடும்பத்துக்குக் கிடைக்கும் பெரிய லாபம், திரும்பத் திரும்பச் செய்துபார்க்கும் வாய்ப்பு. பணிப்பெண் வந்து நாலைந்து நாள் பிசியோவோடு நின்று பழகலாம். நோயாளியும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பலம் கூடுவதால், டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டில் தூக்கவேண்டிய பாரமும் குறைந்திருக்கும். முதுகு பிடித்துக்கொண்டு பராமரிப்பாளரே படுத்துவிடும் வீடுகள் உண்டு. அதைத் தவிர்க்க இந்த வாரங்கள் உதவும்.

செலவு, குடும்ப உறுப்பினரின் தனிநபர் மாத வருமானத்தை வைத்துக் கணக்கிடும் மானியத்தைப் பொறுத்தது. மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம், அதற்கு வரம்பு உண்டு. மருத்துவ சமூக ஊழியரிடம் மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள்.

மறைந்திருக்கும் விலை மனத்தில்தான். "என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்" என்று நினைக்கும் முதியவர்கள் நிறையப் பேர். முதியோர் இல்லம் வேறு, சமூக மருத்துவமனை வேறு என்பதை வார்டிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திரும்பும் தேதியையும் உத்தேசமாகச் சொல்லுங்கள். இன்னொன்று, சேர்த்தாயிற்று என்று நிம்மதியாகிக் கடைசி வாரம்வரை யாரும் பயிற்சிக்குப் போகாமல் இருந்தால், வார்டில் நடந்த அதே பத்து நிமிட அவசரம் இங்கேயும் நடக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே பயிற்சித் தேதியைக் குறித்துவிடுங்கள்.

இடுப்பு முறிவு, எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்கவேண்டிய நிலை, ஊரிலிருந்து பணிப்பெண் இன்னும் வந்துசேரவில்லை: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது எங்கள் திடமான கருத்து.

## வீட்டுக்கே வந்து சொல்லித் தரும் பயிற்சி

ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்களில் சில, வீட்டுக்கே ஆளை அனுப்பிச் சொல்லித் தருகின்றன. பராமரிப்பாளர் பயிற்சி மானியத்தை இதற்குப் பயன்படுத்தலாம். பராமரிக்கப்படுபவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராகவோ, உடற்குறை உள்ளவரென மருத்துவர் சான்றளித்தவராகவோ இருக்கவேண்டும். குடும்பத்தார் மட்டுமல்ல, பணிப்பெண்ணும் பயிற்சி பெறலாம். விவரத்துக்கு 1800-650-6060.

இதன் பலம், உங்கள் வீட்டுக் கழிப்பறையை, உங்கள் கட்டிலை, உங்கள் சோபாவைப் பார்த்தே சொல்லித் தருவது. வார்டில் யாருக்கும் தோன்றாத கேள்விகள் வீட்டில்தான் வரும். சாமி அறையில் தரையில் உட்காரும் பழக்கம் ஓர் உதாரணம். பின்பக்கமாக வெட்டி இடுப்பு மூட்டு மாற்றியிருந்தால், இடுப்பை 90 பாகைக்குமேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது என்று சில வாரங்களுக்கு விதிப்பார்கள். சம்மணம் போட்டால் மூட்டு நழுவிவிடும் அபாயம் உண்டு. தாழ்ந்த சோபாவும் அதே ஆபத்துதான். முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும்படியான கெட்டி நாற்காலியைப் பயிற்சியாளர் வருமுன்பே எடுத்துப் போடுங்கள். விளக்கேற்றுவதை நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ செய்ய மாடத்தை உயர்த்தி வைக்கலாம்.

படி ஏறுவதற்கும் முறை இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். தடுமாறும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கையைப் பிடித்து இழுப்பதும் தோள்மூட்டைக் கெடுக்கும். நோயாளியின் இடுப்பில் கட்டும் பட்டையைப் பிடித்துத் தாங்குவதை நீங்களே நாலைந்து முறை செய்துபாருங்கள்.

குறை என்னவென்றால், விண்ணப்பமும் நேரம் குறிப்பதும் சில நாள்கள் எடுக்கும். கடினமான முதல் மூன்று நாள் அதற்குள் போய்விடும். அதனால் இதை வார்டுப் பயிற்சிக்கு மாற்றாக வைக்காதீர்கள். அதன் இரண்டாம் பகுதியாக வையுங்கள். வீவக வீட்டில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை ஆகியவற்றுக்கான 'ஈஸ்' திட்டத்துக்கும் இப்படித்தான்: அறுவை சிகிச்சைத் தேதி தெரிந்த உடனே விண்ணப்பித்தால்தான் திரும்பும் நாளுக்குள் கம்பி சுவரில் இருக்கும்.

## வகுப்பு, கையேடு, காணொளி

முழங்கால் மாற்று போன்ற திட்டமிட்ட சிகிச்சைகளுக்குச் சில மருத்துவமனைகள் முன்கூட்டியே வகுப்பு வைக்கின்றன. ஹெல்த்ஹப் சுகாதார இணையத்தளத்திலும் தகவல்கள் உண்டு. கைவேலைக்கு இவை போதவே போதாது. கட்டு மாற்றும் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும், கையுறையோடு எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்பது கைக்கு வராது.

கவனம் வேண்டும் வேலைகளுக்கு இதுவே நல்ல வழி, அதிலும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாலையில் மட்டும் வருகிற உறவினர்களுக்கும். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டியவை சில உண்டு.

மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 995. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். 38 பாகை செல்சியஸுக்குமேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், வாடை, தையல் பிரிவது ஆகியவற்றுக்குச் சிகிச்சை செய்த மருத்துவமனையை அழைக்கவேண்டும்.

பாராசிட்டமால் வேறு பெயரில் மருத்துவமனை மருந்திலேயே இருக்கலாம். அலமாரியிலுள்ள பெனடாலையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு. கோடீன், டிரமடால் போன்ற வலிமருந்துகள் மலச்சிக்கல் தரும். மூன்று நாள் மலம் கழியவில்லை என்றால் சொல்லவேண்டும்.

புண்ணில் மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் வேண்டாம். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பு, தயிரையெல்லாம் நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் கொடுத்தால் புண் ஆறத் தேவையான புரதம் எங்கிருந்து வரும்? சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பருப்போடு டௌஃபு, டெம்பே, பால் சேருங்கள். நீரிழிவு இருந்தால் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால்தான் புண்ணும் ஆறும்.

முதியவர்களில் சிலர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு திடீரென்று குழம்பிப்போவார்கள். மாலையில் அது கூடும், இல்லாதவர்களைக் கூப்பிடுவார்கள். மறதிநோய் வந்துவிட்டது என்று குடும்பமே பயந்துவிடும். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் தொற்று, நீர்க்குறைவு, மருந்து என்று காரணம் இருக்கலாம், எனவே உடனே தெரிவிக்கவேண்டும். மூக்குக்கண்ணாடி, செவிப்பொறி இரண்டும் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். நாள், இடம் சொல்லித் தமிழில் அமைதியாகப் பேசுங்கள். வீட்டாரின் குரலும் மொழியும் இங்கே மருத்துவத்துக்கே துணை.

## தாதிமைச் சேவையை அமர்த்துவது

ஹோம் நர்சிங் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் மூலம் மானியத்துடனும், தனியார் நிறுவனங்கள் மூலம் முழுக் கட்டணத்திலும் தாதி வீட்டுக்கு வருவார். ஆழமான புண், சிறுநீர்க்குழாய் மாற்றுவது, மூக்குவழிக் குழாய் மாற்றுவது போன்றவற்றை வீட்டார் கற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கும் மகனை வற்புறுத்திக் கட்டு மாற்றவைப்பது இருவருக்கும் கேடு.

ஆனால் தாதி வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார். மீதி நேரத்தில் குழாயில் மாட்டிய, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை, உடம்பிலுள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் படாமல் இருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வீட்டார்தான். அதனால் முதல் வருகையிலேயே, "நீங்கள் இல்லாதபோது நாங்கள் என்ன பார்க்கவேண்டும், எப்போது அழைக்கவேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியார் சேவை என்றால் இரவு, ஞாயிறு, பொதுவிடுமுறைக் கட்டணங்களையும் கட்டுப் பொருள்கள் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் முன்பே கேளுங்கள். கட்டுப் பொருள்களின் விலை மட்டுமே மாதக் கடைசியில் திகைக்கவைக்கும்.

## சேர்த்துச் செய்வது

நடைமுறையில் ஒரே வழியில் நிற்கும் குடும்பங்கள் குறைவு, நிற்கவும் தேவையில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகள், பகலில் பணிப்பெண் என்றால்: வார்டில் பணிப்பெண்ணும் பிள்ளைகளில் ஒருவரும் சேர்ந்து பயிற்சி, பிறகு மானியத்தில் வீட்டுப் பயிற்சி. இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு நாளாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத ஓய்வுநாளைப் பணிப்பெண்ணுக்குத் தரவேண்டும் என்பது சட்டம். அந்த ஓய்வுநாளன்றும் ஊசியும் உண்டு, கழிப்பறையும் உண்டு.

வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டில், 75 வயதுக் கணவர் மனைவியைத் தூக்கப் பழகவேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. அங்கே சமூக மருத்துவமனையில் அம்மா தானே எழும் நிலைக்கு வந்த பிறகு அழைத்துவந்து, புண்ணுக்கு மட்டும் தாதியை வரவழைப்பது நல்லது. அப்பா கற்கவேண்டியது மருந்துப் பெட்டியும் அபாய அறிகுறிகளும்தான். உயிராபத்துக்கு 995, அவசரமில்லாத மருத்துவ வண்டிக்கு 1777 என்று பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வார்டின் எண்ணும் அடுத்த சந்திப்புத் தேதியும் அதே தாளில் இருக்கட்டும்.